மௌலானா ஆசாத்தின் எழுதுகோல்

அபுல் கலாம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவியரில் பலர் இராமேசுவரத்தில் பிறந்த விஞ்ஞானி அப்துல் கலாமை நினைத்துக்கொள்கின்றனர். பேச்சுப் போட்டிக்குக் குறிப்பெடுக்கும்போது இருவரையும் ஒருவராக்கிவிடுவதும் உண்டு. அவர் வேறு, இவர் வேறு. நாம் இங்கே காணவிருப்பவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். இஸ்லாமிய மார்க்கக் கல்வியில் கரைகண்ட ஆலிம். அந்நிய ஆட்சியை எழுதுகோல் கொண்டு எதிர்த்து, வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையிலும் காவலிலும் கழித்த தேசபக்தர். சுதந்திர இந்தியாவின் முதல் கல்வியமைச்சரும் அவரே. மார்க்கப் பற்றும் நாட்டுப் பற்றும் ஒரே நெஞ்சில் குடியிருக்குமா என்று ஐயுறுவோர் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு இவருடைய வாழ்க்கையே விடை.

ஆசாத் 1888 நவம்பர் 11 அன்று மக்கா நகரில் பிறந்தார். தந்தை மௌலானா கைருத்தீன் டில்லியிலிருந்து அங்குக் குடியேறிய அறிஞர். தாயார் அரபுப் பெண்மணி. குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. தந்தைக்கு ஆங்கிலக் கல்வியில் சற்றும் நம்பிக்கை இல்லை. ஆகவே ஆசாத் எந்தப் பள்ளியிலும் அடியெடுத்து வைத்ததில்லை. வீட்டிலேயே அரபு, பாரசீகம், தருக்கம், தத்துவம், கணிதம் அனைத்தும் கற்றார். மற்றவர்கள் இருபது வயதைத் தாண்டி முடிக்கும் பாடத்திட்டத்தைப் பதினாறு வயதில் முடித்தார். கற்றதைக் கற்பித்துக் காட்டினால்தான் தேர்ச்சி என்பது அந்நாளைய முறை. எனவே தந்தையார் சுமார் பதினைந்து மாணவர்களைக் கூட்டி வந்து மகனிடம் ஒப்படைத்தார். மீசை அரும்பாத ஆசிரியர்!

ஆங்கிலம் மட்டும் எப்படி வந்தது? சர் சையத் அகமது கானின் நூல்களைப் படித்தபின், இக்காலத்து அறிவியலும் தத்துவமும் அறியாமல் ஒருவன் கற்றவனாக முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அறிஞர் ஒருவரிடம் எழுத்துகளைக் கற்று, ஒரு சிறு பாலபாடத்தையும் முடித்தார். அடுத்து அவர் கையிலெடுத்தது விவிலியம். ஆங்கிலம், பாரசீகம், உருது ஆகிய மூன்று மொழிகளிலும் விவிலியத்தை வாங்கி, பக்கத்தில் பக்கமாக விரித்து வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்தார். பிறகு அகராதியின் துணையோடு ஆங்கிலச் செய்தித்தாள்களைப் படிக்கலானார். ஆங்கிலப் பாடம் கடினம் என்று அலுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் இம்முறையை ஒருமுறை முயன்று பார்க்கலாம்; தமிழ் விவிலியம்தான் வீடுதோறும் இருக்கிறதே.

1905-ஆம் ஆண்டு கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். நாடே கொதித்தது. இளைஞர் ஆசாத் வங்கப் புரட்சியாளர்களோடு தொடர்பு கொண்டார். அவர்களுள் சிலர் முதலில் இவரை நம்பவில்லை. முஸ்லிம்கள் விடுதலை இயக்கத்திற்கு எதிரானவர்கள் என்ற எண்ணம் அவர்களிடையே வேரூன்றியிருந்தது. அதை மாற்ற வேண்டும், அதேபோல் தம் சமூகத்தாரின் மனத்தையும் மாற்ற வேண்டும் என்று ஆசாத் உறுதி கொண்டார். அதற்கு அவர் தேர்ந்த கருவி பத்திரிகை.

1912 ஜூலையில் கல்கத்தாவிலிருந்து ‘அல்-ஹிலால்’ என்ற உருது வார இதழ் வெளிவந்தது. ‘ஹிலால்’ என்றால் பிறை. அந்நாளில் உருது ஏடுகளைக் கையால் எழுதிக் கல்லச்சில் அடிப்பதே வழக்கம். இவரோ எழுத்துக் கோத்து, படங்களோடு அழகுற அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில் வாரம் 26,000 படிகள் விற்றன என்று அவரே பிற்காலத்தில் குறிப்பிட்டார். அடிமைத்தனத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பது மார்க்கத்திற்கே முரண் என்பது அவ்விதழின் சாரம். ஆட்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? அச்சகச் சட்டத்தின்படி முதலில் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டுப் பறித்தனர். அடுத்து 10,000 ரூபாய் கேட்டனர், அதுவும் போயிற்று. 1914-இல் இதழ் நின்றது. அடுத்த ஆண்டு ‘அல்-பலாக்’ என்ற பெயரில் மீண்டும் தொடங்கினார். இம்முறை பத்திரிகையை விட்டுவிட்டு ஆசிரியரையே அகற்றினர். 1916-இல் வங்காளத்தை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. பஞ்சாப், டில்லி, ஐக்கிய மாகாணம், பம்பாய் ஆகியவையும் ஏற்கெனவே அவருக்குக் கதவடைத்திருந்தன. எஞ்சிய இடம் பீகார். அங்கு ராஞ்சியில் தங்கினார். சில மாதங்களில் அங்கேயே காவலில் வைக்கப்பட்டார்.

இனி வருவதுதான் என் நெஞ்சை மிகவும் தொட்ட பகுதி. குர்ஆனை எளிய உருதுவில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் எழுத வேண்டும் என்பது ஆசாத்தின் நெடுநாளைய ஆசை. கல்கத்தாவிலேயே தொடங்கி, கணிசமான பகுதியை முடித்திருந்தார். ராஞ்சியில் போலீசார் சோதனையிட்டபோது கையெழுத்துப் படிகளையும் அள்ளிச் சென்றனர். அவற்றில் என்ன இராஜத்துரோகத்தைக் கண்டார்களோ! திருப்பித் தருமாறு எழுதியும் பயன் இல்லை. இன்றுபோல் ஒரு பொத்தானை அழுத்திப் படியெடுக்கும் காலம் அன்று. கையால் எழுதியது போனால் போனதுதான். அவர் எஞ்சிய பகுதிகளை எழுதினார். பறிபோனவற்றையும் மீண்டும் எழுதினார். அவ்வூரிலேயே ஒரு மதரசாவையும் நிறுவினார். 1920 ஜனவரி முதல் நாள் விடுதலையானார்.

அம்மாதமே டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்து ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1921 டிசம்பரில் மீண்டும் கைது, மீண்டும் வீட்டுச் சோதனை. விடுதலையாகி வந்தபின் தம் தாள்கள் கிடைத்தன. ஆனால் எப்படி? கிழிந்தும் குலைந்தும், ஒன்றோடொன்று பொருந்தாத குப்பையாகக் கிடைத்தன. ஒருமுறை எழுதியதை இரண்டாம் முறை எழுதுவதே துன்பம் என்பது கட்டுரை நோட்டைத் தொலைத்த எந்த மாணவிக்கும் தெரியும். மூன்றாம் முறை? சில ஆண்டுகள் அவரால் அதைத் தொடவே முடியவில்லை. பின்னர் 1927-இல் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தார். ‘தர்ஜுமான் அல்-குர்ஆன்’ என்ற அந்நூலின் இரு தொகுதிகள் 1930-களில் வெளிவந்தன. அவர் வாழ்நாளில் வந்த அவ்விரு தொகுதிகளில் குர்ஆன் முழுவதும் அடங்கவில்லை. எனினும் முதல் அத்தியாயத்திற்கு அவர் வரைந்த விரிவுரை பெரும் புகழ் பெற்றது. இறைவன் எல்லா மக்களுக்கும் இறைவன், சமயங்களின் அடிப்படை உண்மை ஒன்றே, வேறுபாடு வழிமுறைகளில்தான் என்பது அவ்வுரையின் மையம். ஆலிம்கள் சிலர் இதை ஏற்கவில்லை, கடுமையாகவே மறுத்தனர். அவரும் தம் கருத்தைக் கைவிடவில்லை.

1922-இல் கல்கத்தா நீதிமன்றத்தில் அவர் அளித்த வாக்குமூலத்தையும் சொல்லியாக வேண்டும். அரசைக் குற்றம் கூறிப் பேசினேன் என்பதை அவர் மறுக்கவில்லை. தீமையைத் தீமை என்று சொல்வது தம் கடமை என்றார். வரலாற்றில் போர்க்களங்களுக்கு அடுத்தபடியாகப் பெரும் அநீதிகள் நிகழ்ந்த இடம் நீதிமன்றங்களே என்று கூறி, குற்றவாளிக் கூண்டில் நின்ற பெரியோர்களை வரிசைப்படுத்தினார். கள்வர்களோடு நிறுத்தப்பட்ட இயேசு அதில் இருந்தார், சாக்ரடீசும் கலிலியோவும் இருந்தனர். நீதிபதி ஓராண்டுக் கடுங்காவல் விதித்தார்.

1923-இல் டில்லியில் கூடிய காங்கிரசின் சிறப்பு மாநாட்டிற்கு ஆசாத் தலைமை தாங்கினார். வயது முப்பத்துநான்கே. இந்து முஸ்லிம் ஒற்றுமையை விலையாகக் கொடுத்துத்தான் சுயராஜ்யம் கிடைக்கும் என்றால் அந்தச் சுயராஜ்யம் தமக்கு வேண்டாம் என்று அங்கு அறிவித்தார். 1940 மார்ச்சில் ராம்கர் மாநாட்டுக்குத் தலைமையேற்றபோது, முஸ்லிமாக இருப்பதில் தமக்குப் பெருமை என்றும், பிரிக்க முடியாத இந்தியாவின் ஓர் அங்கமாக இருப்பதிலும் அதே அளவு பெருமை என்றும் பேசினார். அதே மாதத்தில்தான் லாகூரில் முஸ்லிம் லீக் தனி நாடு கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. வரலாறு எத்திசையில் திரும்பியது என்பது நாம் அறிந்ததே. 1946 வரை ஆறாண்டுகள் காங்கிரசுத் தலைவராக இருந்தும் பிரிவினையை அவரால் தடுக்க முடியவில்லை. இதை மறைப்பதற்கில்லை.

1942 ஆகஸ்டு 9 அதிகாலையில் பம்பாயில் தலைவர்கள் அனைவரும் கைதாயினர். ஆசாத், நேரு, பட்டேல் முதலானோர் அகமதுநகர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்குதான் நேரு ‘இந்தியாவைக் கண்டுபிடித்தல்’ என்னும் நூலை எழுதினார். ஆசாத் கடிதங்கள் எழுதினார், அனுப்ப முடியாத கடிதங்கள்! வைகறை நான்கு மணிக்கு எழுந்து, தாமே தேநீர் தயாரித்துக்கொண்டு, நண்பர் ஒருவரை முன்னிறுத்தி எழுதுவார். அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளைப் பற்றி எழுதினார். இசை பற்றி, இறைநம்பிக்கை பற்றி எழுதினார். பாலும் சர்க்கரையும் கலந்து தேநீரைக் கெடுப்பவர்களைக் கண்டித்தும் எழுதினார். (நம் ஊர்த் தேநீர்க் கடைகளை அவர் பார்க்கவில்லை.) அதுவரை தாம் சிறையிலும் காவலிலும் கழித்த நாட்களைக் கூட்டிப் பார்த்தார். வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு வந்தது. ஏழில் ஒரு நாள் ஓய்வு என்ற பழைய ஏற்பாட்டுக் கட்டளை தம் வரையில் நிறைவேறிவிட்டது என்று வேடிக்கையாகக் குறித்தார்.

அந்தக் கடிதங்களுள் ஒன்று வேடிக்கையானதன்று. 1943-இல் மனைவி ஜுலைகா பேகம் கல்கத்தாவில் கடும் நோயுற்றார். அரசிடம் ஏதேனும் கேட்க விரும்பினால் உடனே அனுப்பி வைப்பதாகச் சிறைக் கண்காணிப்பாளர் சொன்னார். ஆசாத் மறுத்துவிட்டார். நேருவும் பேசிப் பார்த்தார், பயனில்லை. ஏப்ரலில் மரணச் செய்தி வந்தது. இது சரியா என்று நாம் விவாதிக்கலாம். மனைவியை ஒருமுறை பார்க்கக் கேட்பது அடிபணிவதாகுமா? வகுப்பறையில் இதைக் கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். 1945 ஜூனில் விடுதலையாகி ஹௌரா நிலையத்தில் இறங்கியபோது மக்கள் வெள்ளம், மாலைகள், முழக்கம். மூன்றாண்டுகளுக்கு முன் வாசல்வரை வந்து வழியனுப்பிய மனைவியின் நினைவு அவரை வாட்டியது. வீட்டிற்குப் போகும் முன் காரைக் கல்லறைக்குத் திருப்பச் சொன்னார். கார் நிறைய இருந்த மாலைகளில் ஒன்றை எடுத்து அங்கு வைத்து, மௌனமாகப் பிரார்த்தனை செய்தார்.

பள்ளிக்கூடம் காணாத அவர் 1947 முதல் 1958 வரை நாட்டின் கல்வியைப் பேணினார். காரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1951-இல் எழுந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் சாகித்திய அகாதமியும் அவர் காலத்தில் தோன்றின. உயர்நிலைப் பள்ளிக் கல்வியை ஆராய 1952-இல் அமைத்த குழுவிற்குத் தலைவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். 1959-இல் சென்னை ஐ.ஐ.டி.யைத் தொடங்கி வைத்தவர் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர். ஆசாத் 1958 பிப்ரவரி 22 அன்று மறைந்துவிட்டதால் அதைக் காண அவர் இல்லை. 1992-இல் பாரத ரத்னா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் பிறந்த நாளை 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடுகிறோம்.

அதே ஹுமாயூன் கபீரிடம்தான் ஆசாத் தம் இறுதி ஆண்டுகளில் மாலை வேளைகளில் உருதுவில் தம் வரலாற்றைச் சொல்லி வந்தார். கபீர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூல் 1959-இல் வெளிவந்தது. அதில் முப்பது பக்கங்களை மட்டும் முத்திரையிட்டு வைக்கச் செய்தார் ஆசாத். அவை 1988-இல் திறக்கப்பட்டு நூலில் சேர்க்கப்பட்டன. மக்காவையும் இளமையையும் பற்றி விரிவாகச் சொல்ல இன்னொரு தொகுதியையும் அவர் திட்டமிட்டிருந்தார். அது எழுதப்படவே இல்லை.