கைக்கும் திரைக்கும் நடுவே ஒரு தாமதம்

கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவ எய்தவன் என்று புறநானூற்றில் வன்பரணர் புகழ்ந்த அந்த வேட்டுவனுடைய பெருமை வில்லின் வலிமையில் மாத்திரம் இருந்ததன்று. நாணை விடுகிற கணமும் அம்பு புறப்படுகிற கணமும் ஒன்றே என்ற நிச்சயத்தின் மேல்தான் அவனுடைய குறி நின்றது. நாணை விட்டு வினாடியில் பத்திலொரு பங்கு கழித்தே அம்பைச் செலுத்தும் வில் ஒன்று இருந்து, அந்தத் தாமதமும் வேளைக்கு வேளை மாறுமானால், எத்தனை வருஷத்து அப்பியாசமும் ஒருவனை வில்லாளியாக்க மாட்டாது. ஆர்கேட் பெட்டிகளிலிருந்து வீட்டுக் கன்சோல்களுக்குக் குடிபெயர்ந்த சண்டை ஆட்டங்களுக்கு நேர்ந்த துன்பம் இத்தகையதே.

1991ஆம் வருஷம் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, காசு போட்டு விளையாடும் ஆர்கேட் பெட்டிகளுக்கென்றே படைக்கப்பட்ட ஆட்டம். அந்தப் பெட்டியில் ஜாய்ஸ்டிக்கிலிருந்தும் பட்டன்களிலிருந்தும் புறப்படுகிற ஒயர் நேரே உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டைச் சென்றடையும். போர்டு அனுப்புகிற படமோ வழியில் எங்கும் தங்காமல், பிக்சர் டியூபில் மேலிருந்து கீழாக வரி வரியாக ஒளிரும். வினாடிக்கு ஏறக்குறைய 60 படங்கள். ஆட்டக்காரர்கள் ஃபிரேம் என்று வழங்கும் அந்த ஒவ்வொரு படத்தின் ஆயுளும் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. ஒரு குத்து கிளம்புவதற்கு எத்தனை ஃபிரேம், அது பட்டால் எதிரி எத்தனை ஃபிரேம் தடுமாறுவான், குத்தியவன் கையை மடக்கிக்கொள்ள எத்தனை ஃபிரேம் என்று, இவ்வகை ஆட்டங்களில் சகலமும் இந்த ஓர் அளவுகோலினாலேயே விதிக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் காலக்கணக்கு எவ்வளவு சூட்சுமமானது என்பதற்கு அந்த ஆட்டத்தின் சரித்திரமே சாட்சி. காரை உடைத்து நொறுக்கும் இடைக்கட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நொரிடாகா ஃபுனாமிஸு, சரியான கணத்தில் பட்டனை அழுத்தினால் ஓர் அடியோடு அடுத்த அடியையும் கோத்துவிட முடிவதைக் கண்டார். இத்தனை நுட்பமான கணத்தைப் பிடிப்பது ஆட்டக்காரர்களுக்குச் சாத்தியமாகாது என்று எண்ணி, அதை நீக்காமலே விட்டுவிட்டார். ஆனால் உலகமெங்கும் பிள்ளைகள் அந்தக் கணத்தைப் பிடித்தார்கள். காம்போ என்ற பெயரில் அதுவே பின்வந்த சண்டை ஆட்டங்கள் பலவற்றுக்கும் அஸ்திவாரமாயிற்று. கண்ணால் கண்டு கையால் செயற்பட மனிதனுக்குச் சாதாரணமாக 200 முதல் 250 மில்லி வினாடி வேண்டும், அதாவது 12 முதல் 15 ஃபிரேம். அந்தச் சிறு மூலதனத்திலிருந்து யந்திரம் மூன்று நான்கு ஃபிரேமைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால், தடுத்திருக்கக்கூடிய அடியைத் தடுக்க முடியாமற் போகிறது.

ஆர்கேட் போர்டு வேறு, வீட்டுக் கன்சோல் வேறு. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்டத்தைக் கொண்டுவருவதென்பது பெரும்பாலும் அதை மீண்டும் எழுதுவதற்குச் சமானம். நாம்கோ நிறுவனம் டெக்கனை 1994ல் வெளியிட்டபோது அதன் ஆர்கேட் போர்டே பிளேஸ்டேஷனின் உறுப்புகளைத் தழுவி அமைந்திருந்தமையால், மறு வருஷம் வந்த வீட்டுப் பிரதி மூலத்துக்கு மிக நெருங்கி இருந்தது. அத்தகைய பாக்கியம் எல்லா ஆட்டங்களுக்கும் வாய்த்ததில்லை.

நம் தேசத்தில் இந்தப் பேதம் வேறொரு ரூபத்தில் வந்தது. 1982ல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிய தூர்தர்ஷன் கைக்கொண்ட பிஏஎல் முறை வினாடிக்கு 50 முறை திரையை வரைவது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிலவிய என்டிஎஸ்சி முறையோ 60 முறை வரைவது. அக்காலத்து ஆட்டங்கள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்து நடப்பவையல்ல, படங்களை எண்ணி நடப்பவை. ஆகையால் ஒரு வினாடியில் நடக்கவேண்டிய 60 அடிகள் நம் வீட்டுத் திரையில் நடந்துமுடிய 1.2 வினாடி ஆயிற்று. தொண்ணூறுகளில் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்த சாமுராய் முதலிய, நின்டெண்டோவின் ஃபாமிகாமை நகலெடுத்த பெட்டிகளாயினும், 1995ல் ஷா வாலஸ் நிறுவனம் 18,000 ரூபாய்க்கு விற்கத் தொடங்கிய ஸேகா மெகா டிரைவாயினும், நம் டெலிவிஷனுக்கேற்பத் திருத்தி எழுதப்படாத ஆட்டம் எதைப் போட்டாலும் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடிற்று. வேகத்தோடு இசையும் லயம் தளர்ந்தது. வரிகளின் எண்ணிக்கை 525க்குப் பதில் 625 ஆனமையால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழ, வீரர்கள் குள்ளமாகத் தெரிந்தார்கள். கடையிலிருந்த ஆர்கேட் பெட்டி தன் சொந்தத் திரையோடு 60லேயே ஓடிக்கொண்டிருந்ததனால், வீட்டில் பழகிய கை அங்கே எப்போதும் பிந்தியே போயிற்று.

இந்த மந்தகதி ஒருவகை. இன்புட் லேக் என்று சொல்லப்படும் தாமதம் மற்றொருவகை. முன்னதில் காலமே நீண்டுவிடுகிறது. பின்னதில் காலம் சரியாகவே ஓட, நம் கட்டளை மாத்திரம் பிந்திச் சேருகிறது. ஒயர் இல்லாத கண்ட்ரோலர், இடையில் நின்று அதைக் கேட்கும் மென்பொருள், வரைந்த படங்களை முறைக்காகக் காக்கவைக்கும் நினைவகம், வந்த படத்தை அழகுபடுத்திய பிறகே காட்டும் தட்டை டெலிவிஷன் என்று, ஆர்கேட் பெட்டியில் இல்லாத வாயிற்காவலர்கள் பலர் இப்போது வழிமறித்து நிற்கிறார்கள். 2009ல் வீட்டுக்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4, எக்ஸ்பாக்ஸ் 360ல் இருந்ததைவிட பிளேஸ்டேஷன் 3ல் சற்றே பிந்தியது என்பதை ஆட்டக்காரர்கள் அளந்தறிந்தார்கள். 2015ல் அதன் இறுதிப் பதிப்பு பிளேஸ்டேஷன் 4க்குக் குறைகளோடு வந்தபோது, காப்காமின் போட்டித் தொடரே பழைய எக்ஸ்பாக்ஸ் 360க்குத் திரும்ப நேர்ந்தது. மறு வருஷம் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 ஏறக்குறைய 8 ஃபிரேம் தாமதத்தோடு பிறந்து, பின்னரே திருத்தம் பெற்றது.

இது வெறும் பிடிவாதக்காரர்களின் புலம்பலன்று. அமெரிக்காவில் நடக்கும் எவோ என்ற சண்டை ஆட்டப் போட்டி 2004ல் ஆர்கேடை விட்டுக் கன்சோலுக்கு மாறியபோது பலத்த ஆட்சேபம் எழுந்தது. அதே வருஷம் அதே போட்டியில், திரையில் தன் வீரனின் உயிர் ஏறக்குறைய வற்றிப்போன நிலையில் இருந்த ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா, எதிராளி ஜஸ்டின் வாங் தொடுத்த 15 அடிகளையும், ஒவ்வோர் அடியும் விழுகிற கணத்தில் ஜாய்ஸ்டிக்கை முன்னே தட்டித் தடுத்து வென்றார். கை அறிந்த காலத்துக்கும் திரை காட்டும் காலத்துக்கும் இடையே நிலையான உறவு இல்லாவிடில் அத்தகைய லாகவம் சித்திக்காது. தாமதம் மாறாமல் இருந்தால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். பெட்டிக்குப் பெட்டி மாறுவதற்கு எந்தக் கையும் பழக முடியாது.

ஆகவே ஆட்டம் விற்கிறவர்களும் டெலிவிஷன் விற்கிறவர்களும், விலையை அச்சிடுவதுபோலவே தாமதத்தின் அளவையும் அச்சிட்டுத் தருவதுதான் நியாயம். அந்த நாள் வரும்வரை வாசகர்கள் தாங்களே பரீட்சை செய்துகொள்ளலாம். டெலிவிஷனில் கேம் மோடைப் போடுங்கள். கண்ட்ரோலரை ஒயரோடு இணையுங்கள். வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதியுள்ள கைபேசியால் விரலையும் திரையையும் ஒருசேரப் படமெடுத்து, பட்டன் அழுந்தியதற்கும் வீரன் அசைந்ததற்கும் நடுவே எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மில்லி வினாடி. தோற்றுவிட்டுத் தன் கையை நொந்துகொள்ளும் பிள்ளை வீட்டிலிருந்தால், அந்தக் கணக்கை முதலில் அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள்.