டேலியா: கண் உள்ள கிழங்கே பூக்கும்!

பார்ப்பதற்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல இருக்கும். மண் ஒட்டிய, அழுக்கு நிறமான கிழங்கு. அதைப் பார்த்து யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

அந்தக் கிழங்கை மண்ணில் நட்டால், சுமார் 3 மாதத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூடப் பூ பூக்கிறது!

அந்தப் பூவுக்கு டேலியா என்று பெயர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனவர்கள் பூங்காக்களில் அதைப் பார்த்திருப்பார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, ஊதா என்று பல நிறங்களில் பூக்கும். இரண்டு நிறம் கலந்த பூவும் உண்டு. நீல நிற டேலியா மட்டும் கிடையாது.

பலர் இந்தக் கிழங்கை ஆசையோடு வாங்கி வந்து நடுகிறார்கள். சிலர் வீட்டில் பூக்கிறது. சிலர் வீட்டில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகிறது. இன்னும் சிலர் வீட்டில் இலை மட்டும் மண்டுகிறது, பூ வருவதில்லை.

காரணம் என்ன? அதைத் தெரிந்துகொள்ளும் முன்பு, இந்தப் பூ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

மெக்சிகோ மலைப் பூ

டேலியாவின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தில் உள்ள மெக்சிகோ நாடு. அங்கே மலைப் பகுதிகளில் அது காட்டுச் செடியாக வளர்ந்தது. அந்த நாட்டின் பழங்குடியான அஸ்டெக் மக்கள் அதன் கிழங்கைச் சாப்பிட்டார்கள். அதன் தண்டு, உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும். ஆகவே "தண்ணீர்த் தண்டு" என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள்.

ஸ்பெயின் நாட்டு மன்னர் 2-வது பிலிப், தன்னுடைய மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டசை 1570-ம் ஆண்டு மெக்சிகோவுக்கு அனுப்பினார். அங்குள்ள மூலிகைகளை ஆராய்வது அவர் வேலை. அவர் எழுதி வைத்த செடிகளில் டேலியாவும் ஒன்று.

அதற்குப் பிறகு 200 ஆண்டுகள் ஐரோப்பாவில் இந்தச் செடியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

1789-ம் ஆண்டு, மெக்சிகோ நகரத் தாவரத் தோட்டத்தில் இருந்து ஸ்பெயின் தலைநகரான மாட்ரிட்டுக்கு விதைகள் போயின. அங்குள்ள அரச தோட்டத்தில் கவனில்லஸ் என்ற பாதிரியார் அதை வளர்த்தார். அவர் ஒரு தாவர நிபுணர். 1791-ல் அவர்தான் அதற்கு "டேலியா" என்று பெயர் சூட்டினார்.

ஆண்டர்ஸ் டால் என்பவர் சுவீடன் நாட்டுத் தாவர நிபுணர். அவருடைய நினைவாக வைத்த பெயர் அது. பெயர் வைத்தபோது டால் உயிரோடு இல்லை. 1789-லேயே இறந்துவிட்டார். தன் பெயரால் ஒரு பூ உலகம் முழுவதும் அழைக்கப்படும் என்பது அவருக்குத் தெரியாது!

உணவாகவில்லை, பூவாயிற்று

ஐரோப்பாவில் முதலில் கிழங்கின் மீதுதான் கண் விழுந்தது. உருளைக்கிழங்கைப் போல இதையும் உணவுப் பயிர் ஆக்கலாம் என்று முயன்று பார்த்தார்கள். ருசி பிடிக்கவில்லை. முயற்சி பலிக்கவில்லை.

உருளைக்கிழங்கில் இருப்பது மாவுச் சத்து. டேலியா கிழங்கில் இருப்பது இனுலின் என்ற வேறு சத்து. நம் வயிறு அதைச் செரிக்காது. ஆனால் மருத்துவத்தில் அது பயன்பட்டது. சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று அளப்பதற்கு இனுலினை உபயோகித்தார்கள்.

பிறகு பூவின் அழகு எல்லோரையும் இழுத்தது. 19-ம் நூற்றாண்டில் டேலியா மோகம் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆயிரக்கணக்கான புது ரகங்களை உண்டாக்கினார்கள்.

பிழைத்தது ஒன்றே ஒன்று

1872-ம் ஆண்டு மெக்சிகோவில் இருந்து ஹாலந்து நாட்டுக்கு ஒரு பெட்டி நிறையக் கிழங்குகளை அனுப்பினார்கள். நீண்ட பயணம். பெட்டியைத் திறந்து பார்த்தால், கிழங்குகள் எல்லாம் கெட்டுக் கிடந்தன.

ஒரே ஒரு கிழங்குக்கு மட்டும் உயிர் இருந்தது!

அதை நட்டார்கள். முளைத்தது. பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் பூத்தது. அதுவரை ஐரோப்பாவில் பார்த்திராத விதமாக, அதன் இதழ்கள் சுருண்டு கூர்மையாக இருந்தன. மெக்சிகோ ஜனாதிபதியாக இருந்த பெனிட்டோ ஜுவாரசின் பெயரை அந்தப் பூவுக்கு வைத்தார்கள்.

இன்று "கள்ளி டேலியா" என்று சொல்லப்படும் கூர் இதழ் ரகங்கள் அந்த ஒரே கிழங்கின் வழியில் வந்தவை.

1963-ல் மெக்சிகோ அரசு டேலியாவைத் தன் நாட்டின் தேசியப் பூவாக அறிவித்தது.

எங்கே, எப்போது நடலாம்?

டேலியாவுக்கு வெயில் வேண்டும். ஆனால் கடும் வெப்பம் ஆகாது. தண்ணீர் வேண்டும். ஆனால் தேங்கக் கூடாது. உறைபனியோ அதற்கு எமன். ஒரே இரவில் செடி கறுத்துவிடும்.

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும். ஆகவே மலைப் பகுதியில் உறைபனிக் காலம் முடிந்த பிறகு நடுவது நல்லது.

சமவெளியில் குளிர் மாதங்கள்தான் டேலியாவின் காலம். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை கிழங்கை அழுக வைத்துவிடும். மழை குறைந்த பிறகு நட்டால், மாசி வாக்கில் பூ பார்க்கலாம். சமவெளியில் பெரிய பூ ரகங்களைவிடச் சிறிய பூ ரகங்களே எளிது. தரையைவிடத் தொட்டி நல்லது. பெருமழை வந்தால் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடலாம் அல்லவா?

கண்ணைப் பாருங்கள்!

கிழங்கு வாங்கும்போது பெரிய கிழங்காகப் பார்த்துப் பொறுக்குவது பலருடைய வழக்கம். அதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

உருளைக்கிழங்கில் உடம்பு முழுவதும் கண் இருக்கும். எங்கே வெட்டி நட்டாலும், கண் இருந்தால் முளைக்கும். டேலியா அப்படி அல்ல. கிழங்கின் கழுத்து, பழைய தண்டோடு சேரும் இடத்தில்தான் கண் இருக்கும். குண்டூசித் தலை அளவுக்குச் சிறு புடைப்பாகத் தெரியும்.

அந்தக் கண் இல்லாவிட்டால், கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செடி வராது. கழுத்து ஒடிந்த கிழங்கும் அப்படியே. விரல் பருமன் உள்ள கிழங்காக இருந்தாலும், கண் இருந்தால் போதும்.

கண் தெரியவில்லை என்றால், கிழங்கை ஈரமான மணலில் வைத்து, நிழலில் இரண்டு மூன்று வாரம் விட்டுப் பார்க்கலாம். உயிர் இருந்தால் கண் புடைக்கும்.

நடும் முறை

ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்க வேண்டும். நன்றாக மட்கிய தொழு உரத்தையும், ஒரு கைப்பிடி எலும்புத் தூளையும் மண்ணோடு கலக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் மணல் சேர்க்க வேண்டும். பச்சைச் சாணம் போடக் கூடாது.

உயரமாக வளரும் ரகம் என்றால், முதலில் கொம்பை ஊன்ற வேண்டும். அதற்குப் பிறகே கிழங்கை வைக்க வேண்டும். செடி வளர்ந்த பிறகு கொம்பு ஊன்றினால், அது கிழங்கைக் குத்திவிடும்.

கிழங்கைப் படுக்க வைத்து, கண் மேலே பார்க்கும்படி நட வேண்டும். மேலே 4 முதல் 6 அங்குலம் மண் மூடலாம். பெரிய செடிகளுக்கு நடுவே 2 முதல் 3 அடி இடைவெளி வேண்டும். சிறிய ரகங்களுக்கு ஒன்றரை அடி போதும். தொட்டியில் நடுவதானால் 12 அங்குலத் தொட்டியில் ஒரு செடிதான் வைக்க வேண்டும்.

நட்ட அன்று முதல் தினமும் குடம் குடமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. அது தவறு. முளை வெளியே தெரியும் வரை மண்ணில் லேசான ஈரம் இருந்தால் போதும். வேர் இல்லாத கிழங்கால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதிகத் தண்ணீர் அதை அழுக்கிவிடும். முளை வந்து இலை விட்ட பிறகு, வேர் வரை நனையும்படி ஊற்றலாம்.

கிள்ளினால் பூ பெருகும்

செடி ஒரு அடி உயரம் வந்ததும், நான்கு ஜோடி இலைகளுக்கு மேலே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஆசையாக வளர்த்த செடியைக் கிள்ளப் பலருக்கு மனம் வராது. ஆனால் கிள்ளாவிட்டால் ஒற்றைத் தண்டாக உயர்ந்து, காற்றில் சாய்ந்துவிடும். கிள்ளினால் பக்கக் கிளைகள் விடும். கிளைதோறும் பூ வரும். கிளைகளை வாழை நாரால் தளர்வாகக் கொம்பில் கட்டிவிட வேண்டும்.

ஒரு நுனியில் மூன்று மொட்டுகள் சேர்ந்து வருவது வழக்கம். பெரிய பூ வேண்டுமானால், நடு மொட்டை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம்.

தழைச் சத்து அதிகமானால் இலைதான் மண்டும்; பூ குறையும். மொட்டு வரும் காலத்தில் யூரியா போடக் கூடாது. சாம்பல் சத்து உள்ள உரமே நல்லது.

வாடிய பூவை உடனே வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் செடி விதை பிடிக்கத் தொடங்கும். புது மொட்டு குறையும். இதழ் உதிர்ந்த பூ, மொட்டைப் போலவே தோன்றும். இரண்டையும் பிரித்து அறிவது சுலபம். புது மொட்டு உருண்டையாக இருக்கும். வாடிய பூ கூம்பு போல நீண்டிருக்கும்.

ஜாடியில் வைக்கப் பூ வெட்டுவதானால், விடியற்காலையில் நன்றாக மலர்ந்த பூவை வெட்ட வேண்டும். மொட்டாக வெட்டினால் ஜாடியில் மலராது.

நத்தை இளம் முளையைத் தின்றுவிடும். இரவில் விளக்கோடு போய்ப் பார்த்து, பொறுக்கி எடுத்துவிடலாம். அசுவினி தெரிந்தால், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் உதிரும். வேப்பெண்ணெய்க் கரைசலும் தெளிக்கலாம். இலையில் மஞ்சள் தேமல் பரவி, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது தேமல் நோய். அதற்கு மருந்து கிடையாது. கிழங்கோடு பிடுங்கி எறிந்துவிட வேண்டும். அந்தக் கிழங்கை மறுபடியும் நட்டால் நோயும் கூடவே முளைக்கும்.

கிழங்கைக் காப்பாற்றுவது

பூ முடிந்ததும் செடி மஞ்சளாகி வாடும். செத்துவிட்டது என்று தூக்கி எறியக் கூடாது. மண்ணுக்குள்ளே ஒரு கிழங்கு ஒரு கொத்தாகியிருக்கும்!

தண்டை அரை அடி விட்டு வெட்ட வேண்டும். செடியைச் சுற்றி ஒரு அடி தள்ளித் தோண்டி, கழுத்து ஒடியாமல் கொத்தைத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. தண்டுக்குள் தண்ணீர் நிற்கும். ஆகவே தலைகீழாக வைத்து, நிழலில் சில நாள் உலர்த்த வேண்டும். பிறகு உலர்ந்த மணலிலோ தேங்காய் நார்த் தூளிலோ புதைத்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைக்கலாம். மாதம் ஒருமுறை பார்த்து, அழுகியதை எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதும் அழுகும். சுருங்கினால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம்.

அடுத்த பருவத்தில் கண் புடைத்ததும், கூர்மையான கத்தியால் கொத்தைப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிழங்கு, ஒடியாத கழுத்து, ஒரு கண் மூன்றும் இருக்க வேண்டும்.

விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் சிவப்புப் பூவின் விதையில் மஞ்சளும் வரலாம், வெள்ளையும் வரலாம். தாய்ச் செடியின் அதே பூ வேண்டும் என்றால் கிழங்கையோ இளந்தண்டையோதான் நட வேண்டும்.

இந்த ஆண்டு ஒரு கிழங்கு வாங்கினால், அடுத்த ஆண்டு மூன்று நான்கு செடிகள் கிடைக்கும். மறுபடி வாங்கத் தேவை இல்லை. மீதி இருப்பதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது கண் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கொடுத்தால், அங்கேயும் பூக்கும்.