வெளிறின மஞ்சட்கரு

ஆவணி மாதம் ஒரு காலைநேரம், பக்கத்துவீட்டுப் பிள்ளை கிண்ணத்தில் உடைத்த முட்டையோடு வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தாள். “மாமி, உங்கட கோழிக்கு ஏதும் வருத்தமோ? பாருங்கோ, மஞ்சளே இல்லை.” எட்டிப் பார்த்தேன். தேசிக்காய்ப் புளியின் நிறத்தில் வெளிறிக் கிடந்தது.

கோழிக்கு வருத்தமில்லை, கோடைதான். மன்னார்த் தீவில் ஐப்பசி மழை வரும்வரை எங்கள் முற்றத்தில் மணலும் காய்ந்த பனையோலையும்தான். கொத்தப் புல் இல்லை. நான் போட்டதோ வெறும் குறுணல். மஞ்சட்கருவின் நிறத்தைக் கோழி தானாக உண்டாக்குவதில்லை. பச்சை இலையிலும் மஞ்சள் சோளத்திலும் இருக்கிற கரோட்டினாய்டு நிறமிதான் கருவில் போய்ப் படிகிறது. தீட்டின அரிசியில் அது இல்லையென்றே சொல்லலாம். வெளிறினதால் புரதம் குறைந்துவிடாது. பண்ணைக்காரர் தீனியில் நிறமி சேர்த்து வேண்டிய மஞ்சளை வரவழைப்பார்கள். அதை ஒப்பிட்டுப் பார்க்க 15 படி கொண்ட வண்ண விசிறிகூட உண்டு. ஆகவே கடும் மஞ்சளென்றால் ஊர்முட்டை என்று ஏமாறாதீர்கள்.

முருங்கையிலை உருவிப் போட்டேன். ஒரு மஞ்சட்கரு பருத்து முடியப் பத்து நாளளவு செல்லும். அதனால் இரண்டாம் கிழமைதான் நிறம் ஒழுங்காகத் திரும்பியது.

நிறத்தைப்போல முட்டைக்குள் கண்டு பயப்படுகிறவை வேறும் உண்டு. இரட்டைக்கரு அதிசயமும் இல்லை, அபசகுனமும் இல்லை. புதிதாக முட்டையிடத் தொடங்கும் விடைக்கோழிக்குச் சிலவேளை ஒரேநேரத்தில் இரண்டு கரு கழன்று ஒரே ஓட்டுக்குள் அகப்படும். கருவோடு ஒட்டின இரத்தப்பொட்டைக் கண்டு குஞ்சு பிடித்துவிட்டதென்று எறிகிறார்கள். கரு கழலும்போது ஒரு நுண்குழாய் கசிந்த அடையாளம் அது. கத்தி நுனியால் எடுத்துப்போட்டுப் பொரிக்கலாம். அவித்த முட்டையில் மஞ்சளைச் சுற்றிவரும் பச்சை வளையம் நம்முடைய குற்றம்: கூடநேரம் அவிந்தால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்ந்துவிடும்.

எங்கள் தீவின் பேசாலைப் பக்கம் கருவாட்டுத் தலைக்குப் பஞ்சமில்லை. அதையே தீனியாக்கினால் சில கோழிகளின் முட்டையில் மீன்வாடை ஏறும். அந்த வாடைப் பொருளை உடைக்க முடியாத பரம்பரைக் குறை, மண்ணிற முட்டையிடும் இனங்கள் சிலவற்றில் உண்டு. பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு விதையை முற்றத்தில் கொட்டாதீர்கள். பருத்தி விதையைப்போல அதிலும் உள்ள ஒருவகைக் கொழுப்பு அமிலம், வைத்திருக்கிற முட்டையின் வெள்ளைக்கருவை இளஞ்சிவப்பாக்கும். முட்டை பழுதானாலும் அந்த நிறம் வரும் என்பதால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்: வெள்ளைக்கரு சிவந்திருந்தால் சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள்.