நம் குரல்களுக்கு நம் வீட்டிலேயே ஒரு சர்வர்



சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் இரும்பு அலமாரிகள்தான் பலருக்கு நினைவு வரும். உண்மையில் சர்வர் என்பது இயந்திரத்தின் பெயர் அல்ல, அது செய்யும் வேலையின் பெயர். ஒரு கணினி தன்னிடம் உள்ளதை வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் கேட்டபோது எடுத்துக் கொடுத்தால் அது சர்வர். மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கணினியே இதற்குப் போதும்.

தன்லியினில் இது ஏன் வேண்டும்?

நம் பெரியவர்கள் சிரியம் என்று சொல்லும் இந்த ஊரின் எண்ணெய் ஆலை, ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று 1942 மார்ச்சில் பிரிட்டிஷாராலேயே தகர்க்கப்பட்டது. அந்த நாட்களில் கால்நடையாகக் கிளம்பியவர்கள் எடுத்துப் போனது கொஞ்சம். 1964-ல் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறியவர்கள் கொண்டுபோனதும் கொஞ்சம்தான். பல குடும்பங்களில் எஞ்சியிருப்பது பாட்டி சொன்ன கதையும் தாத்தா பாடிய பாட்டும். அவற்றை இப்போது கைப்பேசியில் பதிகிறோம், பதிந்ததை வெளிநாட்டு நிறுவனங்களின் சேமிப்பில் போடுகிறோம்.

2021 பிப்ரவரி 15 முதல் பல வாரங்கள் இரவு 1 மணியிலிருந்து காலை 9 மணி வரை நாடு முழுவதும் இணையம் நின்றது. மார்ச் 15-ல் கைப்பேசி இணையமும் நின்றது. நம்முடைய பொருளே நம் கைக்கு எட்டவில்லை. வீட்டு ரூட்டரோடு இணைந்த சர்வருக்கு வெளி இணையம் தேவையில்லை. மின்சாரம் மட்டும் வேண்டும்.

எந்த இயங்குதளம்?

டெபியன் என்ற லினக்ஸைப் பரிந்துரைக்கிறேன். 1993-ல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களே நடத்துவது, இலவசம். சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் கட்டியதுதான். அதே 2007 முதல் டெபியனின் நிறுவும் திரைகளைத் தமிழிலும் படிக்கலாம்.

நிறுவும் முறை

1. முதலில் அந்தக் கணினியில் உள்ள எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுங்கள். நிறுவும்போது ஹார்ட் டிஸ்க் துடைக்கப்படும். கணினி 64 பிட் வகையாக இருக்கவேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. நினைவகம் 2 ஜி.பி. இருந்தால் தாராளம்.

2. நிறுவும் கோப்பு இரண்டு வகை. சிறியது ஒரு ஜி.பி.க்குள் அடங்கும், ஆனால் நிறுவும்போது இணையம் கேட்கும். டிவிடி வகை சுமார் 4 ஜி.பி.; இணையம் இல்லாமலே நிறுவலாம். நமக்கு டிவிடி வகையே ஏற்றது. ஒருவர் இறக்கினால் பத்து வீட்டுக்கு உதவும். இறக்கியதும் அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, டெபியன் வெளியிட்ட 128 எழுத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு கெட்டது என்று அர்த்தம். சரியாக இருந்தால் பென் டிரைவில் எழுதுங்கள்.

3. பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். ஒருமுறை தமிழில் திரைகளைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். டிஸ்க்கைப் பிரிக்கும் திரை வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதுவரை எதுவும் அழியாது. உண்மையாக நிறுவும்போது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். சர்வரின் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியாது. நாடு மியான்மர் என்று கொடுங்கள். இந்தியா என்று கொடுத்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தும். அடுத்து மொழி அமைப்பைக் கேட்கும். தமிழுக்கு இந்தியா, இலங்கை அமைப்புகள் உண்டு. மியான்மர்த் தமிழுக்கு இல்லை. அமெரிக்க ஆங்கிலம், யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கத் தடையில்லை.

4. ரூட் கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விடுங்கள். அடுத்து நீங்கள் உருவாக்கும் பயனருக்கே நிர்வாக உரிமை கிடைக்கும்.

5. இப்போது டிஸ்க்கைப் பிரித்தல். இங்குதான் நிதானம் வேண்டும். தானாகப் பிரிக்கும் வழியை விட்டு, கையால் பிரிக்கும் வழியை எடுங்கள். ஒரு டி.பி. டிஸ்க் என்றால், தொடக்கப் பகுதிக்கு 1 ஜி.பி., இயங்குதளத்துக்கு 40 ஜி.பி., ஸ்வாப்புக்கு 4 ஜி.பி., மீதி முழுவதும் எஸ்.ஆர்.வி. என்ற தனிப் பகுதிக்கு. குரல்களும் படங்களும் அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கட்டும். வீட்டுச் செலவையும் கடைக் கணக்கையும் தனித்தனிப் பேரேட்டில் வைப்பது போலத்தான் இதுவும். நாளை இயங்குதளம் கெட்டு மறுபடி நிறுவ நேர்ந்தால், கடைசிப் பகுதியை மட்டும் அழிக்காமல் விட்டுவிடலாம்.

இயங்குதளப் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் எக்ஸ்ட்4 வகையைத் தேர்ந்தெடுங்கள். வணிகவியல் படித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். நாம் முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பிறகு பேரேட்டுக்கு மாற்றுகிறோம் அல்லவா? எக்ஸ்ட்4-ம் கோப்பமைப்பின் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. நடுவில் மின்சாரம் போனால் அதைப் படித்துக் கணக்கை நேர்செய்கிறது. ஆனால் அந்த நொடியில் பாதி எழுதிய ஒலிப்பதிவை அது மீட்டுத் தராது. ஆகவே சிறிய யு.பி.எஸ். ஒன்று அவசியம்.

டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. திருட்டுப் போனாலும் பிறர் திறக்கமுடியாது. ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் யாராவது இயந்திரத்தின் முன் அமர்ந்து கடவுச்சொல் தரவேண்டும். வீட்டு நிலைமை பார்த்து முடிவு செய்யுங்கள்.

6. மென்பொருள் பட்டியலில் டெஸ்க்டாப் குறிகளை எடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.எச். சர்வர், பொதுவான கருவிகள் இரண்டும் போதும். முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் நிறுவல் முடிந்தது.

அதன்பின் சம்பா என்ற இலவச மென்பொருளைச் சேர்த்தால் மற்றக் கணினிகளும் கைப்பேசிகளும் அந்தக் கோப்புகளைத் திறக்கலாம். ரூட்டரின் வெளிக் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு பதிவைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் வேலை சரி.

ஒன்று என்றால் ஒன்றுதான்

ஒற்றை இயந்திரத்தில் உள்ளது ஒற்றை நகல். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கெடும். ஆகவே வெளி டிஸ்க்கில் இன்னொரு நகல் எடுங்கள். வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் மூன்றாவது நகல் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றில் ஏதாவது ஒரு பதிவைத் திறந்து கேளுங்கள். திறந்து பார்க்காத நகல், இருப்புச் சரிபார்க்காத கிடங்கு போன்றது.

ஒவ்வொரு பதிவுக்கும் பேசியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, அது யார் குரல் என்று சொல்ல நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம்.