வெப்ப நிலத்துப் பாசறையும் துயிற்பையும்

விடுமுறைக் காலத்தில் வெளிப்பாசறைக்குச் செல்லும் மாணவர் நம்மிடம் அடிக்கடி வினவுவது, எத்தகைய துயிற்பையை வாங்கலாம் என்பதே. கடைகளில் 'சிலீப்பிங் பாக்' என விற்கப்படும் இப்பையினுள் ஒருவர் புகுந்து படுத்துப் பக்கத்துச் சிப்பைப் பூட்டிக்கொள்ளலாம். இது குளிர்நாட்டிற் பிறந்த பொருள். வேல்ஸ் நாட்டு வணிகர் பிறைஸ் ஜோன்ஸ் 1876 ஆம் ஆண்டில் தலையணையோடு கூடிய கம்பளிப் படுக்கையொன்றுக்கு உரிமை பெற்றார். குளிரைத் தடுப்பதே அதன் நோக்கம். நமது வன்னியிலோ நோக்கம் வேறு. ஆதலால் தெரிவும் வேறாதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் விடுமுறையில், பூநகரிப் பிரிவைச் சேர்ந்த ஜெயபுரத்தில் நாம் மாணவர் சிலருடன் இரண்டு இரவுகள் தங்கினோம். ஒரு மாணவர், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய, பனிப் பிரதேசத்துக்குரிய தடித்த பையைக் கொண்டுவந்திருந்தார். அரும்பாடுபட்டு அதனைச் சுமந்து வந்தவர், பத்து நிமிடமேனும் அதனுட் கிடக்க இயலாது வியர்த்து வெளியேறி, வெறுந்தரையிற் சாரத்தைப் போர்த்துப் படுத்துவிட்டார். விடியற்காலையில் அவருடைய தலைமாட்டிலே கருந்தேள் ஒன்றைக் கண்டோம். தீங்கெதுவும் நிகழவில்லை, ஆயினும் அன்று கற்ற பாடத்தை நாம் மறக்கவில்லை. மிகையான வெப்பந் தரும் பை, தன்னுள் உறங்குவோரை வெளியே துரத்திக் காப்பற்றவராக்கிவிடுகின்றது.

தேளினுங் கொடியது கட்டுவிரியன். இரவில் இரைதேடித் திரியும் இப்பாம்பு, பெரும்பாலும் தரையில் உறங்குவோரையே தீண்டுகின்றது. கடிவாயில் நோவும் வீக்கமும் அதிகம் தோன்றாமையால், கடியுண்டவர் அறியாது உறங்கிவிடுவதும் உண்டு. பின்னர் மூச்சுக்குரிய தசைகள் செயலிழக்கின்றன. நேபாளத்தில் நடத்தப்பெற்று 2007 இல் வெளியான ஆய்வொன்று, வலையினுள் உறங்குவோரைப் பாம்பு தீண்டுதல் குறைவு எனக் காட்டியது. இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றதாயினும், நுளம்புத் தொல்லையும் டெங்குவும் ஒழியவில்லை. ஆதலின் கையிலுள்ள பணத்தில் முதற்பங்கு நுளம்பு வலைக்கே உரியது. அதன் ஓரங்களைப் பாயின் கீழ் நன்கு செருகுதல் வேண்டும். பாய்க்கு நமது பன்பாயே சாலும். அதன் கீழே பொலித்தீன் விரிப்பொன்று இட்டால் நிலத்தின் ஈரம் ஏறாது.

இவற்றின் பின்னரே பை. அதனுள் அடைத்த பொருள் தன்னிடையே காற்றைத் தேக்கி, உடற்சூடு வெளியேறாமற் காக்கின்றது. பறவையின் மென்தூவி மிக இலேசானது. ஆயின் விலை மிக்கது, நனைந்தாற் பயன்படாது. பொலியெஸ்ரர் இழை அடைத்த பை சற்றுப் பருமனாயினும் மலிவானது, விரைவில் உலர்வது. நமக்கு அதுவே ஏற்றது.

பையிற் பொறித்த வெப்பநிலைகளையும் நோக்குதல் வேண்டும். பன்னாட்டு நியமத்தின்படி சுகநிலை, எல்லைநிலை, உச்சநிலை என அவை மூன்று. இறுதியிற் கூறியது உயிர்தப்பும் அளவையன்றி இனிய உறக்கத்தைக் குறிப்பதன்று, முதலாவதையே கொள்க. மார்கழி, தை மாதங்களிலும் வன்னியில் இரவு வெப்பம் மிகக் கீழ் இறங்குவதில்லை. ஆகவே சுகநிலை 15 பாகை செல்சியசோ அதற்கு மேலோ உள்ள, ஒரு கிலோ நிறைக்கு மேற்படாத பை போதும். உடலை இறுக்கும் கூம்பு வடிவத்தை விடுத்து, கால்வரை சிப்புத் திறக்கும் நீள்சதுரப் பையைத் தெரிவு செய்க. முற்றாகத் திறந்தால் அது போர்வையுமாகும்.

இதற்கும் பணமில்லாத மாணவர் வருந்த வேண்டியதில்லை. பருத்தி விரிப்பொன்றை இரண்டாக மடித்து, அடியையும் ஒரு பக்கத்தையும் தைத்துக்கொண்டால் கோடைப் பாசறைக்கு அதுவே நல்ல துயிற்பை. வலையை மட்டும் விட்டுச் செல்லலாகாது. பை எதுவாயினும், படுக்குமுன் உதறுக; காலையில் மீண்டும் உதறி, வெயிலிற் காயவிட்ட பின்னரே சுருட்டுக. நம் கல்லூரிப் பிள்ளைகள் இலேசான சுமையோடு சென்று, இனிது துயின்று, நலமே வீடு மீளல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.