தேக்சாவுக்குப் பூசுவது எந்த ஈயம்?

நோன்பு வருமுன் நம் அறக்கட்டளையின் செம்புத் தேக்சாக்களுக்கு ஈயம் பூசுவது வழக்கம். சென்ற முறை பூசும்போது ஒரு சகோதரி, “ஈயம் பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார்களே, கஞ்சி காய்ச்சும் பாத்திரத்தில் அதையே பூசலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். நஞ்சானது காரீயம். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்தால் விலை குறையும். குறைந்த சூட்டிலேயே உருகும். ஆகவே கலப்படத்துக்கு இடமுண்டு. புளி, எலுமிச்சை, தக்காளி சேர்ந்தால் காரீயம் உணவில் கரையும். கண்ணுக்கும் நாக்கும் தெரியாது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல எல்லை எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்படி அளப்பது? குடிநீரில் காரீயத்துக்கு இந்தியத் தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஆயிரம் லிட்டர் தொட்டியில் 10 மில்லிகிராம்; ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைவு. தீச்சுடரில் வைத்து அளக்கும் சாதாரணக் கருவிக்கு இது சரியாகப் பிடிபடாது. நுட்பமான கருவிகளோ விலை மிகுந்தவை. எனவே பரவிக் கிடக்கும் உலோகத்தை முதலில் ஒரு துளிக்குள் திரட்டுகிறார்கள். இதுவே நுண் பிரித்தெடுப்பு. இதில் பரவலாகப் பயன்படும் ஒரு முறையை 2006-இல் ஈரான் நாட்டு ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்தினர்.

உணவாக இருந்தால் முதலில் நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைக்க வேண்டும். கரைசலின் அமிலத்தன்மையைச் சரிசெய்து, காரீயத்தைப் பற்றிக்கொள்ளும் டைதைசோன் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். பற்றப்பட்ட காரீயம் தண்ணீரை விட்டு எண்ணெய் போன்ற திரவத்தை நாடும். அப்படிப்பட்ட கனமான கரைப்பான் சில துளிகளை அசிட்டோனில் கலந்து, ஊசியால் வேகமாகப் பீய்ச்சினால் கரைசல் மோர்போல் கலங்கும். எண்ணற்ற நுண்துளிகள் காரீயத்தை வாரிக்கொள்ளும். சில நிமிடம் வேகமாகச் சுழற்றினால் அவை அடியில் ஒரே துளியாகச் சேரும். அந்தத் துளியை எடுத்து அளப்பார்கள்.

5 மில்லிலிட்டரில் இருந்த காரீயம் முழுவதும் 0.025 மில்லிலிட்டர் துளிக்குள் வந்தால் செறிவு 200 மடங்கு கூடும். அளந்ததை அந்த மடங்கால் வகுத்தால் உண்மை அளவு கிடைக்கும். கரைப்பானும் மிகக் குறைவாகவே செலவாகும்.

ஆனால் திரட்டும்போது பிழையும் சேர்ந்து திரளும். கண்ணாடிக் குழாயிலோ அமிலத்திலோ ஒட்டியிருந்த காரீயமும் கணக்கில் வந்துவிடும். அதனால் உணவு சேர்க்காத வெற்றுக் கரைசலையும், தெரிந்த அளவு காரீயம் சேர்த்த கரைசலையும் உடன் சோதிக்க வேண்டும்.

ஆய்வறிக்கையில் ‘காணப்படவில்லை’ என்றிருந்தால் அறவே இல்லை என்று பொருளல்ல. எவ்வளவு வரை கண்டறிய முடியும் என்று கேளுங்கள்.

இவ்வாண்டு வெள்ளீயக் கட்டியை நாமே வாங்கிக் கொடுப்பதென்றும், பூசிய தேக்சாவில் புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்து அதை ஆய்வுக்கு அனுப்புவதென்றும் நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. வீட்டில் பூசுவோரும் எந்த ஈயம் என்று கேட்டுப் பூசுங்கள். புளிப்பான உணவை அதில் இரவு முழுதும் வைக்காதீர்கள்.