பள்ளிக்கூடப் பையை ஒழிக்கச் சொன்ன புரசைவாக்கத்துக்காரர்!
டெல்லி மேல்–சபையில் கட்சி இல்லாத ஒருவர் பேசிய பேச்சு என்ன ஆனது?

சென்னை,

கட்சி கிடையாது. கொடி கிடையாது. கொறடா உத்தரவும் கிடையாது. டெல்லி மேல்–சபையில் 6 வருஷம் உறுப்பினராக இருந்தார். அவர் பேசியதில் ஜனங்கள் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒரு பேச்சைத்தான்.

அது வரியைப் பற்றிய பேச்சு அல்ல. போபர்ஸ் பீரங்கி விவகாரம் டெல்லியை உலுக்கிக் கொண்டிருந்த காலம் அது. அதைப் பற்றியும் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முதுகில் தொங்கும் பையைப் பற்றி!

பேசியவர் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். பேசிய வருஷம் 1989. அப்போது அவர் 80 வயதைத் தாண்டியவர்.

‘மால்குடி டேஸ்’ டெலிவிஷன் தொடர் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். தேவ் ஆனந்த் நடித்த ‘கைடு’ இந்திப் படத்தின் மூலக்கதை இவருடையதுதான். கார்ட்டூன் போட்ட ஆர்.கே.லட்சுமணின் அண்ணன் என்றால் இன்னும் பலருக்குப் புரியும். மைசூர்க்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். பிறந்தது 1906–ல் நம்ம சென்னையில். சின்ன வயதில் வளர்ந்தது புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில், பாட்டி வீட்டில்!

ஓட்டுக் கேட்காமல் எம்.பி.

மேல்–சபைக்கு எம்.பி.க்களைத் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.க்கள். ஆனால் 12 பேரை மட்டும் ஜனாதிபதி நியமிப்பார். இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை இவற்றில் பேர் வாங்கியவர்கள் அவர்கள். அப்படி 1986–ல் போனவர் நாராயண்.

நியமன உறுப்பினர் விரும்பினால் ஒரு கட்சியில் சேரலாம். பதவி ஏற்ற 6 மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சேர்ந்தால் பதவி போய்விடும். நாராயண் எந்தக் கட்சிப் பக்கமும் போகவில்லை. 1992 வரை தனி ஆள்தான்.

அதே வருஷம் நியமனம் ஆனவர்களில் சிதார் மேதை ரவிசங்கரும் உண்டு, ஓவியர் எம்.எப்.உசேனும் உண்டு. உசேன் சபையில் பேசியதை விட படம் வரைந்ததுதான் அதிகம். உட்கார்ந்த இடத்திலேயே சபைக் காட்சிகளை வரைந்து தள்ளி, அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்!

இந்த மாதிரி பெரிய மனிதர்கள் டெல்லிக்குப் போய் என்னத்தைக் கிழித்தார்கள் என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தப்பு இல்லை. நாராயண் விஷயத்தில் அதற்குப் பதில் இருக்கிறது.

குரங்கு மாதிரி நடக்கிறார்கள்!

அவர் பேசியது அடுக்குமொழி இல்லை. ஒரு குழந்தையின் ஒரு நாளை எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான்.

விடியற்காலையில் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையை இழுத்து உட்கார வைக்கிறார்கள். யூனிபாரம் மாட்டி, பூட்ஸ் போட்டு, அவசர அவசரமாகத் துரத்துகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுப் பாடம். அது போதாது என்று டியூஷன் வாத்தியார். விளையாட நேரம் இல்லை. சும்மா உட்கார்ந்து எதையாவது யோசிக்கக் கூட நேரம் இல்லை என்றார்.

பிறகு பைக்கு வந்தார். தினமும் அந்தப் பாரத்தைச் சுமந்து சுமந்து பிள்ளைகளுக்குக் கூன் விழுகிறது, கைகள் முன்னால் தொங்க சிம்பன்சி குரங்கு மாதிரி நடக்கிறார்கள் என்றார். முதுகெலும்பு பாதிக்கப்பட்ட குழந்தைகளும் உண்டு என்று சொன்னார்.

கடைசியில் ஒரு கோரிக்கை வைத்தார். பள்ளிக்கூடப் பையையே ஒழித்து விடுங்கள், தேவைப்பட்டால் அவசரச் சட்டம் போட்டு ஒழியுங்கள் என்பதுதான் அது!

80 வயதுப் பெரியவர் 8 வயதுப் பையனுக்காக வக்காலத்து வாங்கினார். அதில் ஆச்சரியம் இல்லை. பரீட்சையும் வகுப்பறையும் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்லூரியில் சேருவதற்கான தேர்வில் ஒரு தடவை கோட் அடித்து வீட்டில் இருந்தவர். பிறகு வாத்தியார் வேலைக்குப் போனார். அதுவும் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். 1935–ல் வந்த முதல் நாவலே ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பற்றியதுதான்.

ஒரு கமிட்டி பிறந்தது

கட்சி பலம் இல்லாத உறுப்பினர் பேசினால் சட்டம் வந்துவிடுமா? வராது. மந்திரிகள் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவந்த தனிநபர் மசோதாக்களில், சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் ஆனவை மொத்தம் 14தான். கடைசியாக ஆனது 1970–ல்!

நாராயண் கேட்ட அவசரச் சட்டமும் வரவில்லை. ஆனால் பேச்சு செத்துப் போகவில்லை. பத்திரிகைகளில் அடிபட்டது. பெற்றோர்கள் பேசிக் கொண்டார்கள். 1992 மார்ச்சில் மத்திய அரசு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்க என்ன வழி என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 1993 ஜூலையில் அறிக்கை வந்தது. நாராயண் பேச்சையும் அந்த அறிக்கை குறிப்பிட்டது.

கமிட்டி சொன்னது முக்கியமானது. பையின் எடையை விடப் பெரிய பாரம், புரியாமல் படிப்பது! அர்த்தம் தெரியாமல் நெட்டுரு போடுகிறதே பிள்ளை, அதுதான் பெரிய சுமை என்றது. நர்சரி வகுப்பில் சேர்க்கப் பரீட்சையும் பேட்டியும் கூடாது என்றது. பாடப் புத்தகங்கள் பள்ளிக்கூடத்தின் சொத்தாக அங்கேயே இருக்கட்டும், தினமும் சுமக்க வேண்டாம் என்றது.

இதெல்லாம் நடந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்!

ஐகோர்ட்டு கண்டிப்பு

2006–ல் பையின் எடைக்கு வரம்பு கட்டும் தனிநபர் மசோதா ஒன்று மேல்–சபைக்கு வந்தது. சட்டம் ஆகவில்லை. தமிழ்நாட்டில் 2012–13–ல் முப்பருவ முறை வந்தது. மூன்று பருவத்துக்கும் தனித்தனிப் புத்தகம் என்பதால் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது.

2018 மே மாதம் விவகாரம் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி என்.கிருபாகரன், பிள்ளைகள் என்ன பளு தூக்கும் வீரர்களா என்கிற தோரணையில் கண்டித்தார். 1, 2–ம் வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் கூடாது, பை எடையைக் குறைக்க மாநிலங்களுக்கு மத்திய அரசு சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசின் சுற்றறிக்கை வந்தது. 1, 2–ம் வகுப்புக்கு ஒன்றரை கிலோ; 10–ம் வகுப்புக்கு 5 கிலோ. அதற்கு மேல் கூடாது. 2020–ல் பள்ளிக்கூடப் பைக்கென்றே ஒரு கொள்கை வந்தது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். பள்ளிக்கூடத்தில் எடை மெஷின் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

20 கிலோ எடையுள்ள பிள்ளை என்றால் 2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே 1 கிலோ ஆயிற்றே! பாக்கி ஒரு கிலோவுக்குள் சாப்பாட்டு டப்பா, புத்தகம், நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், காலிப் பையின் எடை எல்லாம் அடங்க வேண்டும். அதனால்தான் நல்ல குடிதண்ணீரைப் பள்ளிக்கூடமே கொடுக்கட்டும் என்கிறது 2020 கொள்கை.

சந்தேகம் உள்ளவர்கள் நாளைக் காலையில் பிள்ளையின் பையைத் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். அண்ணாச்சி ஒன்றும் சொல்ல மாட்டார்.

பாடத்துக்கு ஒரு புத்தகம், ஒரு கிளாஸ் நோட்டு, ஒரு ஹோம் ஒர்க் நோட்டு, ஒரு பயிற்சிப் புத்தகம் என்று வாங்கச் சொல்வது பள்ளிக்கூடம். பை கனமாக இருந்தால்தான் படிப்பு நன்றாக நடக்கிறது என்று நம்புவது வீடு. டைம்டேபிளைப் பார்த்து எடுத்து வைக்க நேரம் இல்லாமல் எல்லாவற்றையும் திணித்துக் கொண்டு போவது பிள்ளை. டெல்லியிலிருந்து வரும் சுற்றறிக்கை இந்த மூன்று பேரையும் தாண்டித்தான் அந்தப் பைக்குள் போக வேண்டியிருக்கிறது.

நாராயண் கடைசிக் காலத்தில் சென்னையிலேயே இருந்தார். 2001 மே மாதம் 94–வது வயதில் இங்கேயே காலமானார். அவர் பேச்சால் பிறந்த கமிட்டி சொன்னபடி புத்தகத்தைப் பள்ளிக்கூடத்திலேயே வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. வகுப்புக்கு ஒரு அலமாரி, ஒரு பூட்டு.